ஆல்பம் பில்லில் தாளின் பெயர் எங்கே?

கல்யாண போட்டோகிராபர் கொடுக்கும் பில்லில் எல்லாம் தனித்தனியாக இருக்கும். கேண்டிட் தனி, டிரெடிஷனல் தனி, டிரோன் தனி, மண்டபத்து எல்.இ.டி. திரை தனி. ஆல்பம் என்ற வரியில் '12க்கு 36 சைஸ், 40 ஷீட்' என்று அளவும் எண்ணிக்கையும் போட்டிருக்கும். அந்த ஷீட் எந்தக் கம்பெனித் தாள், படம் அதில் எந்த முறையில் ஏறியது, எந்த மை என்பது மட்டும் இருக்காது. கேமரா எந்த மாடல், லென்ஸ் எது என்று துருவித் துருவிக் கேட்கிற மாப்பிள்ளை வீட்டார்கூடத் தாளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கேமராவின் வேலை முகூர்த்தத்தன்றே முடிந்துவிடுகிறது. முப்பது வருடம் கழித்து அந்த ஆல்பத்தைத் திறக்கும் பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் பட்டுப்புடவை அரக்கா நீலமா என்று தெரியுமா என்பதை முடிவு செய்யப்போவது பில்லில் எழுதப்படாத அந்த விவரங்கள்தான்.

இதற்குச் சான்று அநேகமாக எல்லார் வீட்டுப் பீரோவிலும் இருக்கிறது. 1950களில் ஸ்டூடியோவில் எடுத்த தாத்தா பாட்டியின் கருப்பு வெள்ளைப் படம் இன்றும் தெளிவாக இருக்கும். 1970களிலும் 80களிலும் ஆசை ஆசையாக எடுத்த கலர் படங்களோ செம்பழுப்பாகிக் கிடக்கும். புதியது பழையதற்கு முன்பே கெட்டுப்போனது ஏன்? கருப்பு வெள்ளைப் பிரிண்டில் தாளில் நிற்பது வெள்ளி என்கிற உலோகத்தின் நுண்துகள். ஒழுங்காகக் கழுவி எடுத்திருந்தால் அது லேசில் அசையாது. கலர் பிரிண்டில் வெள்ளியை வெளியேற்றிவிட்டு மூன்று சாயங்களை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்தக் காலத் தாள்களில் பச்சை நீலம் எனப்படும் சயான் சாயம் நோஞ்சான். வெயிலே படாமல் டிரங்குப் பெட்டிக்குள் பூட்டிவைத்தாலும் வெப்பத்தில் அது மெல்ல மெல்ல அழிந்தது. சயான் போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும்.

அந்தக் கருப்பு வெள்ளைத் தாளை நாமே தயாரித்த காலமும் இருந்தது. 1960இல் தொடங்கப்பட்ட ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிராண்டு பிலிமும் தாளும் ஸ்டூடியோக்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லாதவை. கலர் வெள்ளத்திலும் பின்பு டிஜிட்டல் வெள்ளத்திலும் அந்த ஆலை மூடிப்போனது. அந்தத் தலைமுறைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. கலர் பிரிண்டைத் திருப்பினால் தாள் தன் பெயரைத் தானே சொல்லும். கோடாக், பியூஜி, கொனிகா என்று முதுகில் சாம்பல் நிறத்தில் சாய்வாக அச்சிட்டிருக்கும். இன்று தெருமுனைக் கடையில் எடுக்கும் இங்க்ஜெட் பிரிண்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளை வெறுமைதான்.

இங்க்ஜெட் பிரிண்ட் கலைப்பொருளாக மாறிய கதையிலேயே இந்தப் பிரச்சினை தொடங்கிவிட்டது. 'கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்' இசைக்குழுவின் பாடகர் கிரஹாம் நாஷ் புகைப்படக்காரரும்கூட. தன் படங்களைப் பெரிதாக அச்சிட அவர் 'ஐரிஸ் 3047' என்ற இயந்திரத்தை வாங்கினார். விலை 1,26,000 டாலர். அச்சகங்களில் பத்திரிகை அச்சேறும் முன் வண்ணம் சரிபார்க்க மாதிரிப் படி எடுக்கும் இயந்திரம் அது. கெட்டியான ஓவியத் தாள் உள்ளே போக வேண்டும் என்பதற்காக, உத்தரவாதம் போனாலும் போகட்டும் என்று ரம்பத்தால் அதன் பாகங்களை அறுத்தார்கள். 1991இல் மேக் ஹோல்பர்ட்டுடன் சேர்ந்து கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 'நாஷ் எடிஷன்ஸ்' அச்சுக்கூடத்தைத் திறந்தார். படங்கள் அற்புதமாக வந்தன. சிக்கல் மையில் இருந்தது. மாதிரிப் படி நாலு நாள் தாங்கினால் போதும். அதற்கென்று செய்த சாயம் சுவரில் மாட்டினால் சில வருடங்களில் வெளிறியது. பிறகு நல்ல மைகளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. அந்த இயந்திரம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சாதாரண வீடுகளுக்கு இந்தப் பாடம் 2000ஆம் ஆண்டில் வந்தது. எப்சன் நிறுவனம் 'ஸ்டைலஸ் போட்டோ 870', '1270' என்ற ஆறு வண்ணப் பிரிண்டர்களை விற்பனைக்கு விட்டது. அதன் பளபளப்புத் தாளில் எடுத்த படங்கள் லேப் பிரிண்ட் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும் என்று விளம்பரம் செய்தது. வாங்கியவர்களில் சிலர் வீட்டில் படங்கள் சில வாரங்களிலேயே, சில இடங்களில் சில நாள்களிலேயே, ஆரஞ்சு நிறமாயின. அதே படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சம்தான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றுபோல வெளிறியிருக்க வேண்டுமே? குற்றவாளி காற்றில் இருந்த ஓசோன் வாயு. அந்தத் தாளின் மேற்பூச்சு மை சட்டென்று உலர்வதற்காக நுண்துளைகளோடு செய்யப்பட்டது. மை நுழைந்த வழியே காற்றும் நுழைந்து, மறுபடியும் அதே சயான் சாயத்தைத் தின்றது. தாளின் ஆயுளைச் சோதித்தவர்கள் வெளிச்சத்தில் வைத்துச் சோதித்தார்களே தவிர, திறந்த காற்றில் வைத்துப் பார்க்கவில்லை. நிறுவனம் பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது.

பிரிண்டர் வாங்குகிறவரும் ஸ்டூடியோவுக்கு ஆர்டர் கொடுக்கிறவரும் இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரிண்டருக்குத் தனியாக ஆயுள் கிடையாது, மைக்கும் தனியாகக் கிடையாது. எந்த மை, எந்தத் தாளில், எப்படிப்பட்ட இடத்தில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு படத்தின் ஆயுளைச் சொல்ல முடியும்.

மையில் இரண்டு ஜாதி. டை மை தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோலக் கரைந்த சாயம். தாளுக்குள் இறங்கி உட்காரும், நிறம் பளிச்சென்று இருக்கும். பிக்மென்ட் மை என்பது கரையாத நுண்துகள்கள் திரவத்தில் மிதப்பது. தாளின் மேலே படியும், வெளிச்சத்துக்கும் வாயுவுக்கும் நன்றாகத் தாங்கும். அதிலும் குறை இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே எப்சன் கொண்டுவந்த பிக்மென்ட் பிரிண்டரான '2000பி'யின் படங்கள் பல்பு வெளிச்சத்தில் ஒரு நிறமாகவும் பகல் வெளிச்சத்தில் பச்சை தட்டியும் தெரிந்தன. அந்தக் கோளாறு பின்னால் வந்த மைகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று ஓவியக்கூடங்களில் தொங்கும் இங்க்ஜெட் படங்கள் பெரும்பாலும் பிக்மென்ட் மையில் எடுத்தவை. எப்சனின் 'பி900', கேனானின் 'புரோ-1000' போன்ற இயந்திரங்கள் அந்த வகை. நம் ஊர் பாஸ்போர்ட் சைஸ் கடைகளை ஆண்டுகொண்டிருக்கும் எப்சன் 'எல்805'இல் ஆறு பாட்டில் மை உண்டு. கருப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள் போக முகத்தின் மெல்லிய நிறங்களுக்காக வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும். ஆறும் டை மை.

விண்ணப்பப் படிவத்தில் ஒட்ட எட்டு காப்பி பாஸ்போர்ட் போட்டோ எடுக்க அது தாராளமாகப் போதும். அந்தப் படம் அரசு அலுவலகக் கோப்பில் ஐந்து வருடம் இருந்தால் சரி. ஆனால் அதே இயந்திரத்தில், கம்பெனி மை தீர்ந்ததும் லோக்கல் இங்க் ஊற்றி, அதே மலிவுத் தாளில், காலமான தகப்பனார் படத்தைப் பெரிதாக எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்கிறார்களே, அங்கேதான் தப்பு நடக்கிறது. பக்கத்திலேயே பழைய ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அதன் உயர் மின்னழுத்தக் கம்பியிலிருந்தும் ஓசோன் வரும். மாட்டிய வருடமே முகம் வெளிற ஆரம்பித்தால் வீட்டார் வெயிலைத் திட்டுவார்கள்.

தாளுக்கு வருவோம். கடைக்காரர் 'எத்தனை ஜிஎஸ்எம் வேணும் சார்?' என்பார். 180, 230, 270 என்று எண் ஏற ஏற உசத்தி என்று பலரும் நினைக்கிறார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். கையில் கெட்டியாக இருக்கும் என்று அது சொல்லும், நிறம் நிற்குமா என்று சொல்லாது. தெரிந்துகொள்ள வேண்டியது தாளின் கட்டமைப்பை. மலிவான பளபளப்புத் தாள் என்பது சாதாரணத் தாளின் ஒரு பக்கம் மட்டும் மெருகேற்றியது. லேப் தாளைப் போன்ற ஆர்.சி. தாளில் காகிதத்தின் இரு பக்கமும் பாலித்தீன் படலம் இருக்கும். வேறுபாடு காண ஆய்வுக்கூடம் வேண்டாம். தாளின் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மலிவுத் தாள் உறிஞ்சி உப்பிக்கொள்ளும், ஆர்.சி. தாளில் சொட்டு முத்தாக நிற்கும். மூலையைக் கிழித்தால் ஆர்.சி. தாளில் மெல்லிய பிளாஸ்டிக் தோல் இழுபட்டு வரும்.

இன்னொரு சோதனைக்கான கருவி பல கடைகளின் கல்லாவிலேயே இருக்கிறது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் அடியில் போட்டோ தாளை நீட்டினால், பல தாள்கள் நீலமாக ஒளிரும். சலவை செய்த சட்டையைப் பளீரிடச் செய்யும் அதே ரசாயனம்தான். தாளை வெள்ளைவெளேரென்று காட்டுவதற்காகச் சேர்க்கும் ஒளிர்பொருள். சில வருடங்களில் அதன் வீரியம் போய்விடும். அப்போது மை கெடாவிட்டாலும் படத்தின் வெள்ளைப் பகுதிகள் மஞ்சளடிக்கும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. விலை கொடுத்து வாங்கும் கலைப்பிரதிக்குப் பொருட்டுதான். அதனால்தான் ஓவியக்கூடத்துக்கு அச்சிடுகிறவர்கள் ஒளிர்பொருள் சேராத, அமிலம் இல்லாத பருத்தித் தாளுக்குப் போகிறார்கள். 1584இலிருந்து தாள் செய்துவரும் ஜெர்மனியின் ஹானமூலே ஆலையின் 'போட்டோ ராக்' பருத்தித் தாள்களில் புகழ்பெற்றது. முழுப் பருத்தி, 308 ஜிஎஸ்எம், பளபளப்பு இல்லாத மேட் பரப்பு.

பருத்தித் தாள் என்றால் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைவினைத் தாளில் எடுத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். அழகான தாள்தான். ஆனால் மையைப் பிடித்து நிறுத்தும் இங்க்ஜெட் பூச்சு இல்லாத எந்தத் தாளிலும் மைத்துளி நார் வழியே பரவும். கருப்பு சாம்பலாகும், கண் இமை முடி திட்டாகும். ஓவியம் மாதிரியான மங்கலான படத்துக்கு அது பொருந்தலாம். கோயில் கோபுரச் சிற்பத்தின் நுணுக்கத்தை அதில் எதிர்பார்க்கக்கூடாது.

'நூறு வருடம் உழைக்கும்' என்று பெட்டியில் போட்டிருப்பதையும் அப்படியே நம்புவதற்கில்லை. படங்களின் ஆயுளை அளக்கும் துறையில் பெரிய பெயர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி வில்ஹெல்ம். அவருடைய ஆய்வகத்தின் கணக்கு, படம் கண்ணாடிக்குள் இருக்கிறது, தினமும் 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் படுகிறது, அறையின் வெப்பம் 24 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்ற அனுமானத்தில் போடுவது. கோடாக் நிறுவனம் ஒரு காலத்தில் தன் தாளுக்கு நூறு வருடம் என்று சொன்னபோது எடுத்துக்கொண்ட வெளிச்சம் 120 லக்ஸ். வெளிச்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே, 120 லக்ஸில் நூறு வருடம் என்பது 450 லக்ஸில் 27 வருடத்துக்கும் குறைவு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏ.சி. இல்லாத கூடத்தில் மே மாதம் 24 டிகிரி எங்கே, ஐப்பசி மழையில் 60 சதவீதம் எங்கே? ஈரம் மிகுந்தால் டை மை தாளுக்குள்ளேயே கசிந்து ஓரங்கள் மங்கும். பெட்டியில் போட்டிருக்கும் வருடங்களை இரண்டு தாள்களில் எது மேல் என்று ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டுச் சுவருக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நல்ல பிக்மென்ட் பிரிண்டர் ஒன்று வாங்கிவிடலாம் என்று புறப்படுகிறவர்களுக்கு: பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தேவையே இல்லை. போட்டோ பிரிண்டர் தினமும் தீனி கேட்கும் ஜீவன். இரண்டு மாதம் சும்மா விட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும். நாசில் செக் போட்டால் கோடுகள் நடுநடுவே அறுந்து வரும். ஹெட் கிளீனிங் கொடுத்தால் படம் ஏதும் வராமலே மை கழிவுப் பஞ்சுக்குள் போகும். வாரத்துக்கு ஒரு படமாவது எடுப்பவர், ஒரே தாளில் நிலைத்து நின்று அதற்கான வண்ணக் கோப்பை நிறுவி, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துப் பார்க்கப் பழகுபவர், இவர்களுக்குத்தான் சொந்தப் பிரிண்டர் லாபம். மற்றவர்களுக்கு நகரத்தில் உள்ள கலர் லேப்தான் சரி. லேசர் ஒளியை வெள்ளி உப்புத் தாளில் பாய்ச்சி, ரசாயனத்தில் கழுவி எடுக்கும் பழைய வழி அங்கே இன்னும் நடக்கிறது. பியூஜியின் 'கிரிஸ்டல் ஆர்க்கைவ்' தாளுக்கு வில்ஹெல்ம் கணக்கில் 40 வருடம். எழுபதுகளின் செம்பழுப்புத் தாள்களோடு ஒப்பிட்டால் இது வேறு பிறவி. ஒரு காப்பிக்கு ஆகும் செலவும் வீட்டுப் பிரிண்டரைவிடக் குறைவு.

லேபுக்குக் கொடுக்கும் கோப்பும் சரியாக இருக்க வேண்டும். ஏ4 அளவுக்கு நல்ல பிரிண்ட் வேண்டுமானால் ஏறத்தாழ 2480க்கு 3508 பிக்சல் தேவை. இன்றைய பெரும்பாலான போன்கள் அதைத் தரும். கெடுப்பது வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அசல் போகும்.

மறுபடி பில்லுக்கு வரலாம். ஸ்டூடியோக்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கடை ஆல்பத்துக்கு ஐயாயிரம் குறைத்துச் சொல்கிறான் என்று பேரம் பேசும் வாடிக்கையாளரிடம் தாளின் தரத்தைப் பேசி என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் தாளின் பெயரே பில்லில் இல்லாதபோது வாடிக்கையாளருக்கு ஒப்பிட விலையைத் தவிர வேறு எதுவும் இல்லை. நல்ல தாளில் போடுகிறவரும் மலிவுத் தாளில் போடுகிறவரும் ஒரே '40 ஷீட்' என்ற வரியில் சமமாகிவிடுகிறார்கள். இதில் நஷ்டம் நல்ல தாள்காரருக்கே முதலில். பெயிண்டுக்கும் கம்பிக்கும் பிராண்டு எழுதி வாங்குகிற ஊர் இது. பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தந்திருக்கிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்டந்தோறும் இருக்கும் போட்டோகிராபர் சங்கங்கள் கூடிப் பேசினால் நடக்கிற காரியம்.

என்ன எழுத வேண்டும்? மூன்றே விவரம். வெள்ளி உப்புத் தாளா, இங்க்ஜெட்டா, இங்க்ஜெட் என்றால் டை மையா பிக்மென்ட்டா என்பது ஒன்று. தாளின் கம்பெனியும் வகையும் இரண்டாவது. மூன்றாவது, அச்சிட்ட லேபின் பெயரும் தேதியும். இதை பில்லில் எழுதுவதோடு ஆல்பத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் ஒரு வரியாக அச்சிட்டுவிடலாம். டிசைன் செய்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. நிறம் மாறத் தொடங்கும் நாளில், ஆல்பத்தை ஸ்கேன் எடுத்துவைப்பதா, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்பிலிருந்து வேறு தாளில் மறுபடி போடுவதா என்று முடிவெடுக்க அந்த வீட்டாருக்கு அந்த ஒரு வரி உதவும். வரப்போகும் தை முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள், கேமரா மாடலைக் கேட்கும் அதே மூச்சில் இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கலாம்.